மூட்டம் போடுகிறவன்

தொமித்திலா லெமுனாவோ எனக்குச் சாவி எதுவும் தரவில்லை.
ஒரு பித்தளைத் தெளிப்பானைத் தந்தாள்,
திராட்சைக் கொடிக்கு மருந்தடிப்பது.
லிட்டருக்கு ஒரு கைப்பிடி உப்பு.
"தண்ணி ஊத்தாதே. மூட்டம் போடு" என்றாள்.
"விடியுமுன் கடற்கரையில் முகத்தில் படுமே, அந்த அளவு."
எனக்கு அந்த அளவு தெரியாது.
தெமுக்கோ நகராட்சிக் கலைக்கூடத்தில்
பதினோரு வருடமாக இரவுக் காவல்.
நான் அறிந்த ஈரம்
கூரை ஒழுகினால் வைக்கும் வாளிதான்.

கூடத்தின் நடுவில் அது தொங்கியது.
திருவா பாறைகளில் வெட்டிய கொச்சாயூயோ,
மணிக்கட்டு தடிமனில், சாட்டை நீளத்தில்
தேன் நிறத்தில் தொடங்கிக் கருப்பில் முடியும் கடற்பாசி.
ஆணி இல்லை. பசை இல்லை.
ஈரமாக இருக்கையில் முடிந்து
வெயிலில் இறுக விட்ட
எழுநூற்றுச் சொச்சம் முடிச்சுகள்.
அடியில் நின்றால் கவிழ்ந்த படகு.
கதவருகே நின்றால் மாட்டின் உள்வயிறு.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
"யாரோ பல்லே தேய்க்கல" என்றான்.
விருந்தினர் ஏட்டின் புகழ்ச்சிகளை எல்லாம் விட
நான் நம்பியது அதைத்தான்.

ஜனவரி. வெயில் கண்ணாடிக் கூரையைத் துளைக்கும்.
பகலில் அது ஒரு சாண் சுருங்கும்.
நான் மூட்டம் போட்டால் ஒன்றரைச் சாண் இறங்கும்.
சுவரில் சாக்கட்டிக் கோடு,
பக்கத்தில் தேதி.
மூன்று மணி வாக்கில் முடிச்சுகள் முனகும்,
நனைந்த செருப்பு நடப்பது போல.
முதல் வாரம் கைவிளக்கை அணைக்கவே இல்லை.
மூன்றாம் வாரம்
நாற்காலியை அதன் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மரத்தரை உப்புகிறதென்று
இயக்குநர் உர்பீனா தெளிப்பானை அலமாரியில் பூட்டினார்.
பத்தே நாள். தட்டினால் கொம்புச் சத்தம்.
என் கடைசிக் கோட்டை அது எட்டவேயில்லை.
தொலைபேசியில் சொன்னேன்.
"காயட்டும்" என்றாள். "காய்வதும் அதன் வேலைதான்."
பிறகு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

ஞாயிறன்று பாசி வெட்டுகிறவர்கள் வந்தார்கள்,
பிக்கப் வண்டியில் கணவனும் மனைவியும்.
எதெல்மீரா என்ற அந்த அம்மாள்
விரலை நக்கி அதைத் தொட்டுப் பார்த்தாள்.
தொடக்கூடாது என்பது விதி.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அக்டோபரில் அறுத்தது. நூற்று நாற்பது கட்டு.
இங்கே மாட்டிப் பாழாக்கியிருக்கிறாள்."
தூண் அருகே நின்றிருந்த சிற்பி
முதல்முறையாக அன்று வாய் திறந்தாள்:
"நூற்று முப்பத்தெட்டு.
இரண்டை என் நாய் தின்றுவிட்டது."

வாங்குவதற்கு ஆளில்லை.
ஒரு ஹோட்டல் கேட்டது, வார்னிஷ் அடித்துத் தந்தால்
வரவேற்பறையில் மாட்டுவார்களாம்.
அவள் ஏணி கேட்டாள்.
கத்தி அவளிடமே இருந்தது.

இரவெல்லாம் புது பிளாஸ்டிக் தொட்டிகளில் ஊறியது.
சுவரும் இல்லாமல் கோடும் இல்லாமல்
தன் பாட்டுக்கு உப்பியது, நான் எதுவும் குறிக்கவில்லை.
காலையில் எதெல்மீரா உருளைக்கிழங்கோடு வந்தாள்,
வெங்காயத்தை அவள் கணவன் நறுக்கினான், கண்ணில் நீர்,
ஆளாளுக்கு அதைப் பார்த்துச் சிரித்தோம்.
உர்பீனா கழுத்துப்பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
நின்றபடியே இரண்டு தட்டு தின்றார்.
காப்பீட்டுப் படிவத்தில்
"சேதத்தின் தன்மை" என்ற கட்டத்துக்கு
என்ன எழுதுவதென்று என்னைக் கேட்டார்.
எனக்கு வாய் நிறைய இருந்தது.
என் பங்கில் ஒரு முடிச்சு அவிழாமலே வெந்திருந்தது.
நாக்கால் எவ்வளவு புரட்டியும் முனை கிடைக்கவில்லை.
கடைசியில் கடித்தேன்.
மணல்.

இப்போது கூடத்தில் நீர்வண்ண ஓவியங்கள்.
அவள் தெளிப்பானைத் திருப்பிக் கேட்கவில்லை.
வீட்டில் தக்காளிச் செடிக்கு மூட்டம் போடுகிறேன்.
பழக்கத்தில் உப்பும் போட்டுவிடுகிறேன்.
செடிக்கு அது பிடிக்கவில்லை.